மூச்சுக்கு ஒரு நன்றி

எங்கள் குடும்பத்தில் ஒரு மனிதர் நாலு மணி நேரம் வெறும் நன்றியிலேயே மூச்சு விட்டார்.

இயந்திரம் கிடையாது. மின்சாரம் கிடையாது. அவருடைய நெஞ்சுக்கென்று சொந்தமாக ஒரு குண்டூசி முனை அளவு பலம்கூடக் கிடையாது. மொத்தம் நாலாயிரம் நன்றி. நன்றிக்கு ஒரு மூச்சு. ஒன்றுகூட இரண்டாம் முறை சொன்னதில்லை.

நம்பவேண்டாம். முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். நாற்பது பேர் பஸ்ஸில் நானூறு பேரை ஏற்றியதாகச் சொல்கிறவன் என்று சொந்த வீட்டிலேயே எனக்குப் பெயர். (அன்று ஏறியவர்கள் நானூற்றுப் பத்து. அது இருக்கட்டும்.) ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. நான் மழை பெய்கிறது என்றால் வெளியே கையை நீட்டிப் பார்க்கிற சாட்சி.

மூச்சு விட்டவர் என் அத்தான். அக்காவின் கணவர், பூட்டுக்காரர். போன மழையில் அவருடைய கடை தண்ணீரோடு போனது. சாவி வெட்டும் இயந்திரம் எந்தத் தெருவில் கரை ஒதுங்கியதோ, இன்றுவரை தெரியாது. பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது. "பலகை இருக்கு, ஆண்டவரே, நன்றி" என்றாள் அக்கா. அடுத்த மாதம் வீட்டுக் கூரையில் பாதி இறங்கியது. "மீதிப் பாதி இருக்கு, நன்றி" என்றாள். அதற்கடுத்து அத்தானுக்குக் காய்ச்சல் வந்து, கால் மரத்து, கை மரத்து, மூன்றாம் வாரம் மூச்சுக்கும் வந்துவிட்டது. கழுத்தில் துளை போட்டுக் குழாயை வைத்து, குழாயை இயந்திரத்தில் மாட்டினார்கள். கண் இமை மட்டும் அவர் சொன்னபடி கேட்டது. ஒரு தடவை மூடினால் ஆமாம். இரண்டு தடவை மூடினால் இல்லை.

"இந்த நோய் வந்த வழியே இறங்கிப் போயிடும்மா" என்றிருந்தார் டாக்டரம்மா. "ஆனா போற வரைக்கும் மூச்சு ஓடிட்டே இருக்கணும். அது ஒண்ணுதான் நம்ம வேலை."

"அது போதும், ஆண்டவரே, நன்றி" என்றாள் அக்கா.

கதவோரம் நின்றிருந்த 'தராசு' பல்லைக் கடித்தார்.

தராசு, அத்தானின் தம்பி. எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய் எடைக்கற்களை நிறுத்துப் பார்த்து முத்திரை குத்துவதுதான் அவருடைய உத்தியோகம். தன் கையால் நிறுக்காத எதையும் அவர் நம்பியதில்லை. கடவுள் நிறுவைக்கு வரவில்லை, அதனால் முத்திரையும் கிடைக்கவில்லை.

அண்ணனுக்கும் தம்பிக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. அவர்கள் அப்பாவின் இரும்பு அலமாரிக்கு அத்தான் மூன்று சாவி வெட்டியிருந்தார். ஒன்று அப்பாவிடம், ஒன்று அத்தானிடம், மூன்றாவது யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா கண்ணை மூடிய மறுவாரம் அலமாரி திறந்து கிடந்தது, உள்ளே இருந்த பத்திரங்களைக் காணோம். அண்ணன்தான் எடுத்தான் என்று ஊர் கேட்கச் சொன்னார் தராசு. அத்தான் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றோடு முடிந்தது. இப்போது அண்ணன் படுத்தபிறகு தம்பி தினமும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ஆனால் கதவைத் தாண்டி உள்ளே வருவதில்லை. பன்னிரண்டு நாளாக அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்தது.

காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமியது, இருமியது, கறுப்பாக ஒரு புகை விட்டு அடங்கிவிட்டது. வார்டில் நாலு கட்டில், நாலு இயந்திரம். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து நிமிடத்துக்கு மட்டும் பேட்டரி. நர்ஸ்கள் இரண்டே பேர்.

பெரிய சிஸ்டர் ஒரு ரப்பர் பையோடு ஓடி வந்தார். பூசணிப் பிஞ்சு அளவில் ஒரு பை. இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அத்தானின் குழாயில் அதை மாட்டினார்.

"உங்கள்ல யாருக்குக் கை நடுங்காது?"

"எனக்கு" என்றாள் அக்கா. "நான் தையல்காரி."

"அப்ப கவனியுங்க. ஒரு அமுக்கு, விட்டுடுங்க. மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க, திரும்ப ஒரு அமுக்கு. கண்ணு அவர் நெஞ்சு மேலேயே இருக்கணும், எழும்புதான்னு பாத்துட்டே இருங்க. வேகமாப் போனாலும் ஆபத்து, மெதுவாப் போனாலும் ஆபத்து. புரியுதா?"

"எவ்வளவு நேரத்துக்கு சிஸ்டர்?"

"கரண்ட் வர்ற வரைக்கும்."

அக்கா எண்ண ஆரம்பித்தாள். பயந்தவர்கள் எண்ணுகிற அஞ்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று சொல்வதற்குள் அஞ்சு வந்து நிற்கும். பை படபடவென்று அடித்துக்கொண்டது.

"அம்மா! ரயிலைப் பிடிக்கப் போறீங்களா?" சிஸ்டர் அடுத்த கட்டிலிலிருந்து கத்தினார். "மெதுவா!"

அக்கா உதட்டைக் கடித்தாள். பிறகு, நாற்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா, வாய் தானாகத் திறந்தது.

"இந்தப் பை கிழியாம இருக்கு, ஆண்டவரே, நன்றி."

'நன்றி'யில் ஓர் அமுக்கு. அத்தானின் நெஞ்சு எழுந்து இறங்கியது.

"சிஸ்டர் ஓடி வந்தாங்க, நடந்து வரல, ஆண்டவரே, நன்றி."

இன்னோர் அமுக்கு.

"ஜன்னல் வழியா வெளிச்சம் வருது, இவர் முகம் தெரியுது, நன்றி."

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதே அளவு. அப்படியே போங்க" என்றார்.

முதல் நூறு வரை தேர் ஓடுகிற மாதிரி ஓடியது. அதன்பிறகு அக்கா, சுலபமாக இருக்கட்டும் என்று, தினமும் படுக்கப் போகுமுன் சொல்கிற துதியை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள் அதை. அங்கேதான் வந்தது வம்பு. மனப்பாடமாக இருந்ததால் வரிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. பையும் கூடவே ஓடியது.

"மறுபடி ஓடுறீங்க!" என்றார் சிஸ்டர். "தெரிஞ்சதைச் சொல்லாதீங்கம்மா. புதுசா யோசிச்சுச் சொல்லுங்க. யோசிக்கும்போதுதான் சரியா அஞ்சு எண்ணுற நேரம் ஆகுது."

நாற்பது வருடம் பிரசங்கம் கேட்டவள் என் அக்கா. எந்தப் பிரசங்கியும் சொல்லாததை அந்த அம்மாள் ஊசி மருந்தை உடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, சட்டம் பிறந்தது. சொன்ன நன்றியைத் திரும்பச் சொல்லக்கூடாது.

அக்கா கூரையின் மீதிப் பாதியில் ஆரம்பித்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானாக எடுத்தாள். தையல் மெஷின், அதன் சக்கரம், சக்கரத்து எண்ணெய். பிறகு ஆட்கள். பிறகு கல்யாணம்.

"கல்யாணத்தன்னிக்கு இவர் வெள்ளைச் சட்டையில அழகா இருந்தாரு, நன்றி."

அத்தான் இரண்டு தடவை இமை மூடினார்.

"வெள்ளை இல்லையாம். நீலமாம். எந்தச் சட்டையா இருந்தாலும், நன்றி."

கதவோரம் தராசுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, நன்றி சொல்ற நேரமா இது? கடை போச்சு, கூரை போச்சு, ஆளே போயிட்டிருக்காரு. கரண்ட் இல்ல. இதுக்கெல்லாமா நன்றி சொல்லுவாங்க?"

அக்கா திரும்பவில்லை. அமுக்குக்கும் அமுக்குக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் பதில் சொன்னாள்.

"நடந்ததுக்கு நன்றி சொல்லல, தம்பி."

ஓர் அமுக்கு.

"நடக்கும்போது ஒருத்தர் விட்டுட்டுப் போகாம கூட நிக்கிறாரே."

ஓர் அமுக்கு.

"அவருக்குச் சொல்றேன். நீங்களும்தான் பன்னெண்டு நாளா நிக்கிறீங்க. உங்களுக்கும் சேர்த்து, நன்றி."

தராசு வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்நாளில் அது இரண்டாவது முறை. முதல் முறை பல் பிடுங்கியபோது.

பதினொன்றரை மணிக்கு அக்காவுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. மூன்று மூச்சு வெறுமனே போனது. பை அமுங்கிற்று, வாய் அசையவில்லை. சாதாரணமாக ஒரு வீட்டில் அழுகை ஆரம்பிக்கிற இடம் அது. நான் என் கைக்குட்டையைத் தேடினேன்.

"பயமா இருக்கு, ஆண்டவரே" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பயத்தைச் சொல்லிக்க நீங்க இருக்கீங்க. நன்றி."

நெஞ்சு எழுந்து இறங்கியது. அதன்பிறகு திரும்பவும் வந்தன, ஒவ்வொன்றாக. வாளி, கயிறு, ஜன்னல் கம்பி, கம்பியில் உட்காருகிற காக்கா.

பன்னிரண்டு மணிக்கு அவள் விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன. இரண்டு மணி நேரம் அமுக்கியிருக்கிறாள். சிஸ்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டார்.

"அடுத்த ஆள்?"

"நான்தான்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன்.

நான் எவ்வளவு நேரம் அமுக்கினேன் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு மணி நேரம் என்பது என் கட்சி. பத்து நிமிடம் என்பது மற்றவர்கள் கட்சி. என்ன நடந்தது என்றால், முதல் நன்றியே இப்படி வந்துவிட்டது: "ஆண்டவரே, அந்த வருஷம் மலைப்பாதையில பிரேக் பிடிக்காம பஸ் பின்னாடியே ஏழு மைல் உருண்டு போயி, அதுல ஒரு பயணிகூட டீ சிந்தாம..."

"அமுக்குங்க!" சிஸ்டர் பாய்ந்து வந்தார். "கதை சொல்ற இடமா இது? மனுஷன் மூச்சுக்குக் காத்துட்டிருக்காரு!"

பயந்துபோய், சின்னதாக ஏதாவது சொல்வோம் என்று "கட்டில் இருக்கு, நன்றி" என்றேன். அடுத்து எதுவும் தோன்றவில்லை. அதையே மறுபடி சொன்னேன். மறுபடியும். வேகம் பிடித்துவிட்டது.

அத்தான் என்னைப் பார்த்து இரண்டு தடவை இமை மூடினார். மிகத் தெளிவாக மூடினார்.

இதற்குள் பக்கத்துக் கட்டில் தபால்காரரின் மனைவிக்குக் கை நடுங்கி, அக்கா அங்கே போய் உட்கார்ந்து அவருக்கு நன்றி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு கட்டிலிலும் சொந்தக்காரர்கள் களைத்துவிட, சிஸ்டர்கள் இருவர் கையிலும் இப்போது ஆளுக்கொரு பை. மிஞ்சியது ஒரே ஆள்.

தராசு கதவைத் தாண்டினார். பன்னிரண்டு நாளில் முதல் தடவை. பையை என் கையிலிருந்து வாங்கினார்.

"எனக்கு இந்த நன்றியெல்லாம் வேண்டாம். கடிகாரம் இருக்கு. அஞ்சு நொடிக்கு ஒண்ணு. அவ்வளவுதானே?"

சொன்னபடியே செய்தார். கடிகாரத்தைப் பார்த்தார், அமுக்கினார், பார்த்தார், அமுக்கினார். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அப்போது குழாயின் வாயில் ஒரு சீறல்.

"கடிகாரத்தைப் பாக்காதீங்க, நெஞ்சைப் பாருங்க!" என்று கத்தினார் சிஸ்டர். "பை கழன்றிருக்கு! காத்து வெளியே போகுது!"

தராசு குனிந்து பார்த்தார். உண்மைதான். இரண்டு அமுக்கு காற்றில் போயிருந்தது, அத்தானின் நெஞ்சு எழும்பவே இல்லை, கண்கள் மட்டும் தம்பியை விட்டு நகராமல் நின்றன. தராசு பையை இறுக்கி மாட்டினார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"நான் கடிகாரம் பிடிச்சு எண்ணிச் சொல்லவா?" என்றேன்.

"நீயா? நீ எண்ணினா அஞ்சு ஒம்பதாகும். தள்ளிப் போ, கண்டக்டர்."

அப்புறம் வேறு வழியில்லை. அண்ணன் நெஞ்சின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, கசப்பு மருந்து குடிக்கிறவர் மாதிரி வாயைத் திறந்தார்.

"இந்தக் கட்டிலுக்கு நாலு காலும் ஒரே உயரம். நன்றி."

"யாருக்கு?" என்று கேட்டேன். சும்மா இருக்க முடியுமா?

"கட்டில் செஞ்சவனுக்கு. சுவர் தூக்குநூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்குது. நன்றி, கொத்தனாருக்கு. குழாய் வளையத்துக்கு அளவு சரியா இருக்கு. நன்றி, ஃபேக்டரிக்காரனுக்கு."

எடை, அளவு, நீளம், அகலம் என்று அந்த வார்டை முழுக்க அளந்து முடித்தார். ஒரு மணி அடித்தது. அளப்பதற்குச் சுவர் மிச்சமில்லை. அண்ணன் முகம்தான் மிச்சம்.

"நான் பரீட்சையில தோத்த அன்னிக்கு, மார்க் ஷீட்டைக் கிழிச்சது நான், ஆனா நீ கிழிச்சதா அப்பாகிட்ட பழியை ஏத்துக்கிட்டே. நன்றி."

ஒரு தடவை இமை மூடியது.

"அடி வாங்கினதும் நீதான். அதுக்குத் தனியா நன்றி."

இமை மூடியது.

"பதினோரு வருஷம் நான் உன் வாசலுக்கு வரல. நீ வருஷா வருஷம் வந்து என் வாசல் பூட்டுக்கு எண்ணெய் விட்டுட்டுப் போனே. நான் உள்ளேதான் நின்னேன். சத்தம் கேட்டுச்சு. திறக்கல. ஆனாலும் அடுத்த வருஷமும் வந்தே. நன்றி."

அமுக்கு சரியாக இருந்தது. நான் தராசின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியில் அக்கா நன்றி சொன்ன காக்காவைப் பார்த்தேன். அது போயிருந்தது.

"அப்பா அலமாரியோட மூணாவது சாவி என்கிட்டதான் இருந்துச்சு. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லாம விட்டே. நன்றி."

அத்தானின் இமை மூடியது. திறந்தது. மீண்டும் மூடியது.

இரண்டு தடவை.

"என்ன இல்ல?" தராசின் குரல் இறங்கிப்போனது. "உனக்குத் தெரியாதா? இல்ல, என்கிட்ட இருந்தது மூணாவது சாவி இல்லையா?"

இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டால் இமை எதற்குப் பதில் சொல்லும்? அத்தான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் அக்கா நன்றி எடுத்துக் கொடுப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கலவரம். உடனே மறைத்துக்கொண்டாள்.

"அமுக்குங்க தம்பி" என்றாள். "அதை அப்புறம் பேசிக்கலாம்." அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை.

அமுக்கினார். அதற்கடுத்த ஒரு மணி நேரம் அவர் என்னென்ன சொன்னார் என்று எழுதினால் இந்தக் கதை போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். கொத்தனாருக்கும் ஃபேக்டரிக்காரனுக்கும் போய்க்கொண்டிருந்த நன்றி, நடுவில் எங்கோ விலாசம் மாறிவிட்டது. எத்தனையாவது அமுக்கில் என்று நான் கவனிக்கவில்லை. நான் கவனித்தபோது அவர், "இவன் கண்ணு இன்னும் என்னைப் பாக்குது, ஆண்டவரே, நன்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு எழுந்தன. சிஸ்டர் குழாயை மாற்றி மாட்டிவிட்டு, "போதும் சார், விடுங்க" என்று பையை வாங்கிக்கொண்டார்.

பை போனபிறகும் தராசின் கை நிற்கவில்லை. அஞ்சு நொடிக்கு ஒரு தரம் வெறுங்காற்றை அமுக்கிக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்தார். அங்கேயும் அது அமுக்கியது.

மூன்று மணிக்கு டாக்டரம்மா வந்தார். அவரும் வேறொரு வார்டில் அவ்வளவு நேரமும் பை அமுக்கியவர்தான், கையை உதறிக்கொண்டே வந்தார். அத்தானின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"யார் அமுக்கினது? மெஷின்ல இருந்தப்ப ரத்தத்துல காத்து என்ன அளவோ, அதே அளவு. கூடல, குறையல. எப்படிப் பண்ணினீங்க?"

இதற்காகத்தானே ஒரு கண்டக்டரைக் கடவுள் படைத்திருக்கிறார்! முன்னால் போய் நின்றேன்.

"நன்றி சொல்லியே அமுக்கினோம் டாக்டர்! நாலு மணி நேரம், நாலாயிரம் நன்றி, ஒண்ணுகூடத் திரும்பச் சொல்லல! எங்க அத்தான் நன்றியிலதான் மூச்சு விட்டாரு!"

டாக்டரம்மா சிரித்தார். களைத்த சிரிப்பு. நோயாளி வீட்டுக்காரர்கள் இப்படித்தான் என்பது போல் தலையாட்டிவிட்டு, கொஞ்சம் விவரமான ஆளாக வேண்டுமென்று தேடித் தராசைப் பார்த்தார்.

"சார், நீங்க இன்ஸ்பெக்டரா இருந்தவர். நீங்க சொல்லுங்க. உண்மையா என்ன நடந்துச்சு?"

தராசு என்னைப் பார்த்தார். முப்பது வருடம் அவர் தப்பான எடைக்கு முத்திரை குத்தியதில்லை. என்னைக் கவிழ்ப்பதற்கு அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்கப்போவதில்லை. தொண்டையைச் செருமினார்.

"நாலாயிரம் இல்ல, டாக்டர். நிமிஷத்துக்குப் பன்னெண்டு, நாலு மணி நேரம். ரெண்டாயிரத்து எண்ணூத்து எம்பது."

நான் தலையைக் குனிந்தேன்.

"திரும்பச் சொல்லலைங்கிறதும் சரியில்ல. பதினேழு தடவை திரும்ப வந்துச்சு. அதுல பதினாலு இந்த ஆளு சொன்னது."

"அப்ப மத்தது?" என்றார் டாக்டரம்மா.

தராசு கால்சட்டைப் பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். அது இன்னும் மூடித் திறந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"மத்தது நடந்தது, டாக்டர்" என்றார். "எங்க அண்ணன் அதுலதான் மூச்சு விட்டாரு. பாதி நான் சொன்னது."